சேற்றைப் படிக்க ஒரு டிப்ளமோ!

(மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவு மாணவி)



இந்த மலரில் கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நட்பு, காதல், ஹாஸ்டல் சாம்பார் என்று தலைப்புகளுக்கும் பஞ்சமில்லை. நான் எழுதப்போவது சேற்றைப் பற்றி. வயல் சேறு இல்லை. மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் தண்ணீருக்குக் கீழே கிடக்கிற கடலடிச் சேறு. அதைத் தோண்டி எடுத்துப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. கடல்சார் நிலவியல் என்று பெயர். ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ் எல்லாம் சேர்த்து மரைன் ஜியோசயின்ஸ் என்றும் சொல்கிறார்கள். "அதெல்லாம் பிஎச்.டி. படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பாலிடெக்னிக் படித்தவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. அது நம் நோட்டீஸ் போர்டுக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினம் பக்கத்து மீனவ கிராமத்துப் பெண். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். ஆனால் கடலடியைப் பற்றிப் படித்த முதல் ஆள் நான் இல்லை. தாத்தா கட்டுமரத்தில் போன காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, "இத்தனை பாகம் தண்ணி" என்று சொல்வாராம். பாகம் என்றால் இரண்டு கையையும் அகல நீட்டினால் வரும் நீளம், சுமார் ஆறடி. குண்டில் ஒட்டி வருவது சேறா, மணலா, சிப்பித் தூளா என்று பார்த்து, எந்த வலையை விடுவது என்று முடிவு செய்வார். பாறை உள்ள இடத்துக்குப் 'பார்' என்று பெயர். அங்கே வலை விட்டால் கிழியும். தூண்டில் போட்டால் மீன் படும். கரையில் தெரிகிற கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பாரின் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஆழம் அளப்பது, மண் மாதிரி எடுப்பது, இடத்தைக் குறிப்பது... மரைன் ஜியாலஜி புத்தகத்தின் முதல் மூன்று பாடங்களும் இவைதான்!

அப்பா போகும் விசைப்படகில் ஈயக்குண்டு கிடையாது, எக்கோ சவுண்டர் இருக்கிறது. படகின் அடியிலிருந்து ஒரு ஒலித்துடிப்பு கீழே போகும். தரையில் மோதித் திரும்பி வரும். கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகிறது. காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். போய் வந்த நேரத்தை 1500-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் வந்துவிடும். இருபது பாகம் ஆழத்தில் எதிரொலி வர ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான். நாலு வினாடி ஆனால் ஆழம் மூவாயிரம் மீட்டர். நமது மூன்றாம் செமஸ்டரில் பல்ஸ், ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர் என்று படித்தோமே, எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

ஆராய்ச்சிக் கப்பல்களில் இருப்பது இதற்கு அண்ணன், மல்டிபீம் சவுண்டர். ஒரே நேரத்தில் விசிறி மாதிரி நூற்றுக்கணக்கான கதிர்களைப் பரப்பி, கப்பல் போகும் பாதையின் இரு பக்கத்தையும் சேர்த்து அளந்துவிடும். ஆனால் ஒலியின் வேகம் எல்லா ஆழத்திலும் ஒன்றில்லை. வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றைப் பொறுத்தும் மாறும். கப்பல் ஆடும்போது கதிரும் சாயும். இத்தனையையும் திருத்தி எடுத்தால்தான் படம் சரியாக வரும். இவ்வளவு கருவி இருந்தும், உலகத்துக் கடலடியில் நேரடியாக அளக்கப்பட்டது 2025 கணக்குப்படி 27.3 சதவீதம்தான். மீதியெல்லாம் செயற்கைக்கோள் தரவை வைத்து மதிப்பிட்டது. முழுவதையும் 2030-க்குள் அளந்து முடிப்பதென்று 2017-ல் 'சீபெட் 2030' என்ற திட்டம் தொடங்கினார்கள். அவர்கள் சேர்க்கும் தரவு ஜெப்கோ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் கம்ப்யூட்டர் லேபிலேயே இறக்கிப் பார்க்கலாம்.

நான் எங்கள் ஊர்க் கடல் பகுதியை இறக்கி, கலர் பிரிண்ட் போட்டு அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த எடத்துல ஒரு பார் இருக்கேம்மா, ஒங்க படத்துல காணோமே?" என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் படத்தில் ஒரு கட்டம் சுமார் 450 மீட்டர். சின்னப் பார் அதில் விழாது. உலக வரைபடத்தில் இல்லாத ஒரு பார் எங்க அப்பா மனதில் இருக்கிறது. அதை அளந்து வரைபடத்தில் ஏற்றுவது ஒரு வேலை. அந்த வேலைக்குச் சம்பளமும் உண்டு என்று தெரிந்த பிறகுதான் நான் மேற்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தேன்.

டிராயிங் போர்டிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு

முதலாண்டில் என்ஜினியரிங் டிராயிங்கில் அரியர் வைத்த நண்பர்கள் கவனிக்கவும்! உலகக் கடலடியின் மிகப் பெரிய ரகசியம் ஒன்று டிராயிங் போர்டில்தான் வெளிப்பட்டது. மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1948-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கணிதம், நிலவியல் இரண்டிலும் பட்டம் வாங்கியவர். கொடுத்தது படம் வரையும் வேலை. பெண் என்பதால் ஆராய்ச்சிக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசன் கடலுக்குப் போய் ஆழக் கணக்குகளைக் கொண்டு வருவார். மேரி உட்கார்ந்து வரைவார். 1952-ல் வட அட்லாண்டிக்கைக் குறுக்காக வெட்டும் ஆறு கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தபோது, நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில், ஏறத்தாழ எல்லாக் கோட்டிலும் ஒரே இடத்தில் 'வி' வடிவப் பள்ளம் வந்தது. மலையின் நடுவிலேயே தரை பிளந்து விலகுகிறது என்று மேரி சொன்னார். ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார்.

பக்கத்து மேசையில் இன்னொரு வரைவாளர் கடலடி நிலநடுக்கங்கள் நடந்த இடங்களை அதே அளவுகோலில் வரைந்துகொண்டிருந்தார். ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தால், புள்ளிகள் வரிசையாக அந்தப் பள்ளத்துக்குள் விழுந்தன! பிறகு யாரும் மறுக்க முடியவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஒப்புக்கொள்ள இந்தப் படமும் ஒரு காரணம். இருவரும் சேர்ந்து தயாரித்த முழு உலகக் கடலடி வரைபடம் 1977-ல் வெளிவந்தது. டிராயிங் ஷீட்டில் அளவு பிசகாமல் கோடு போடத் தெரிந்தவரின் மதிப்பு என்ன என்று இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் நாட்டில் 1983-ல் கிளம்பிய அண்டார்டிகா பயணத்திலேயே நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா, கடலியலாளர் அதிதி பந்த் என்று இரண்டு பெண்கள் போய்வந்துவிட்டார்கள். இதை எங்க அம்மாவுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

இமயமலை கரைந்து வந்த கதை

சேறு என்ன சொல்லும்? நம் வங்காள விரிகுடாவையே எடுத்துக்கொள்வோம். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் வண்டலை இமயமலையிலிருந்து அரித்துக்கொண்டு வருகின்றன. அதில் ஒரு பகுதி கடலடியில் விசிறி போலப் பரவிப் படிகிறது. வங்காள விசிறி என்று பெயர். உலகிலேயே பெரிய கடலடி வண்டல் விசிறி அதுதான். நீளம் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். வடபகுதியில் அதன் கனம் பதினாறு கிலோமீட்டருக்கும் மேல். எவரெஸ்டை நிறுத்தினால் முழுகிப்போய், மேலே மிச்சமும் இருக்கும் அளவுக்குச் சேறு!

2015 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல் இலங்கைக்குக் கிழக்கே, கன்னியாகுமரி இருக்கிற அதே எட்டாவது அட்சரேகையில், ஏழு இடங்களில் இந்த விசிறியைத் துளைத்தது. அங்கே தண்ணீரின் ஆழமே மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். முதலில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கட்டிய கப்பல் அது. 1985 முதல் அறிவியல் வேலைக்கு வந்தது. நங்கூரம் போட முடியாத ஆழத்தில் கப்பல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் ஒடிந்துவிடும். காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள, அடியில் உள்ள உந்திகளைக் கம்ப்யூட்டர் இயக்கிக் கப்பலைப் பிடித்து வைக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் ஃபீட்பேக் லூப் என்று படித்துவிட்டு மறந்தோமே, அதேதான்.

குழாய்க்குள் வரும் சேற்றுத் தண்டுக்குக் கோர் என்று பெயர். ஒரு தடவைக்கு சுமார் ஒன்பதரை மீட்டர் வரும். அதை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, கருவிகளுக்குள் செலுத்தி அடர்த்தி, காந்தத்தன்மை எல்லாம் அளந்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. மறுபாதியில் கைவைக்காமல் பிற்கால மாணவர்களுக்காகப் பத்திரப்படுத்துவார்கள். இந்தியப் பெருங்கடல் கோர்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? கோச்சியில். நம்ம கொச்சி இல்லை, ஜப்பானில் உள்ள கோச்சி! ஆராய்ச்சி மாணவர் தகுந்த காரணம் எழுதி விண்ணப்பித்தால் அங்கிருந்து மாதிரி அனுப்புகிறார்கள். கப்பலில் ஏறாமலே வங்காள விரிகுடா சேற்றைப் படிக்கலாம். சேற்றுக்குள் கடுகைவிடச் சின்ன ஃபோராமினிஃபெரா ஓடுகள் இருக்கும். அவற்றின் ஆக்சிஜன் கணக்கை வைத்து, லட்சம் ஆண்டுகளுக்கு முன் பருவமழை எப்படிப் பெய்தது என்று சொல்லிவிடுகிறார்கள்.

அதே ஆண்டு அதே கப்பல் கொழும்பிலிருந்து மும்பைக்கு அரபிக்கடல் வழியாகப் போனது. அந்தப் பயணத்தின் தலைமை விஞ்ஞானிகள் இருவரில் ஒருவர் கோவாவில் உள்ள துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். அப்போது அவர்கள் துளைத்த ஒரு பிரம்மாண்டமான கடலடி நிலச்சரிவு, சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அதற்கு வைத்திருக்கும் பெயர் 'நடராஜா சரிவு'. பெயர் வைத்தவர்கள் ரசனையுள்ளவர்கள்! ஜாய்டிஸ் 2024-ல் ஓய்வு பெற்றுவிட்டது. ஜப்பானின் 'சிக்யூ' இருக்கிறது. சீனா 2024 நவம்பரில் 'மெங்ஸியாங்' என்ற புதுக் கப்பலை இறக்கியிருக்கிறது. 2025 முதல் ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து அடுத்த துளையிடும் திட்டத்தை நடத்துகின்றன.

இந்தப் பயணங்களைப் பற்றிப் படித்தபோது என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. கப்பலில் நூறு பேருக்கு மேல் இருந்தால் அதில் விஞ்ஞானிகள் முப்பது பேர்தான். மற்றவர்கள்? துளையிடுபவர், வின்ச் ஓட்டுபவர், கோர் வெட்டும் டெக்னீஷியன், சென்ஸார் பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ்காரர், கம்ப்யூட்டர்காரர், வெல்டர், சமையல்காரர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, இரண்டு மாதம் கரை பார்க்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சென்ஸார் நின்றுபோனால், ஏழு கடல் தாண்டி வந்த பேராசிரியரும் கையைக் கட்டிக்கொண்டு டெக்னீஷியனைத்தான் பார்ப்பார்.

நம்ம ஊரில் என்ன நடக்கிறது?

சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.ஓ.டி., இருக்கிறது. 1993-ல் தொடங்கியது. 'சாகர் நிதி' கப்பலை இயக்குவது இவர்கள்தான். 2021-ல் இவர்கள் செய்த 'வராஹா' என்ற இயந்திரம் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5270 மீட்டர் ஆழத்தில் தரையில் ஊர்ந்தது. அங்கே உருளைக்கிழங்கு மாதிரி கறுப்புக் கட்டிகள் சிதறிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் கலந்தவை. 1981 ஜனவரி 26 அன்று 'கவேஷணி' கப்பல் அரபிக்கடலில் முதல் கட்டியை எடுத்தது. இன்று 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆராயும் உரிமை நம் நாட்டுக்கு உண்டு. அடுத்து 'மத்ஸ்யா 6000'. மூன்று பேரை 6000 மீட்டருக்கு இறக்கப்போகும் நீர்மூழ்கி. 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் உருண்டை, சுவர் கனம் 80 மில்லிமீட்டர். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 600 கிலோ அழுத்தும். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஆள் ஏற்றித் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

இந்தக் கட்டிகளை அள்ளுவது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் அவை வளரும். பெரு நாட்டுக்கு அப்பால் 1989-ல் சோதனைக்காகக் கடலடியை உழுத தடம், 2015-ல் போய்ப் பார்த்தபோதும் அப்படியே இருந்ததாம். மடி இழுத்துத் தரை பாழாவதைப் பற்றி எங்கள் ஊரில் சண்டையே நடக்கும்; அதனால் சும்மா கைதட்ட மனம் வரவில்லை. ஆனால் என்ன சேதம் ஆகும் என்று அளந்து சொல்வதும் இதே துறைதான். அங்கே உள்ளே இருப்பவர் பேச்சுக்குத்தான் மதிப்பு.

என்னை இழுத்தது உண்மையில் இன்னொரு கருவி. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அப்பால் சுமார் 1300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி பிளந்தது. அலை எங்கள் கரைக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம்! ஊரைக் காலி செய்யப் போதுமான நேரம். சொல்ல ஆள் இல்லை. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. எங்கள் தெருவில் அதற்குப் பிறகு டிசம்பர் 26-ல் யாரும் கடலுக்குப் போவதில்லை. பெரியவர்கள் அந்தக் காலையைப் பற்றிப் பேசுவதும் இல்லை. ஆயா மட்டும் எப்போதாவது பெயர்களைச் சொல்லும்.

2007-ல் ஹைதராபாதில் இன்காய்ஸ் நிறுவனத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். அதற்குத் தகவல் கொடுப்பவற்றில் ஒன்று கடலடி அழுத்தமானி. ஆழ்கடலில் சுனாமி மேலே தெரியாது. சில சென்டிமீட்டர், அதிகம் போனால் முழங்கால் உயரம்தான் தண்ணீர் ஏறும். தரையில் உட்கார்ந்திருக்கும் குவார்ட்ஸ் சென்ஸார் அந்தச் சின்ன அழுத்த வித்தியாசத்தைப் பிடித்து, ஒலி மோடம் வழியாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்பும். மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அங்கிருந்து ஹைதராபாதுக்கு. நீருக்குள் ரேடியோ அலை சீக்கிரமே அடங்கிவிடும் என்பதால்தான் ஒலியில் பேச வேண்டியிருக்கிறது. நம் கம்யூனிகேஷன் பாடத்தில் ஒரு வரியில் தாண்டிப்போன விஷயம், இங்கே ஊர் உயிரைக் காக்கிற விஷயம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மிதவையின் நிழலில் மீன் கூடும். அதனால் படகுகள் அதில் கயிறு கட்டி நிற்கும். சிலர் சோலார் பேனலைக்கூடக் கழற்றிவிடுகிறார்கள். மிதவைகள் இப்படிச் சேதமாவது என்.ஐ.ஓ.டி.க்குப் பெரிய தலைவலி. ஊர் ஊராகப் போய் விளக்கவும் செய்திருக்கிறார்கள். ஆபீசர் வந்து மைக்கில் சொன்னால் எங்கள் ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "மாமா, அந்தப் பொட்டி நான் பூட்டுனது, தொடாதீங்க" என்று எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னால் கேட்பார்கள். எனக்கு அந்த ஒருத்தியாக இருக்க ஆசை.

சரி, எப்படிப் போவது?

முதலில் ஒன்று. மரைன் என்றதும் நம்மிடம் வரும் ஏஜென்டுகள் பேசுவது கப்பல் மாலுமி வேலை. லட்சக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். நான் சொல்வது அது இல்லை. நான் சொல்லும் அரசு நிறுவனங்கள் எதிலும் வேலைக்கு முன்பணம் கிடையாது. கேட்டால் ஆள் போலி.

டிப்ளமோ முடித்த கையோடு கிடைப்பது ஓராண்டு டெக்னீஷியன் அப்ரன்டிஸ் பயிற்சி. மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது. என்.ஏ.டி.எஸ். தளத்தில் பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டு, என்.ஐ.ஓ.டி. போன்ற நிறுவனங்கள் அறிவிப்பு விடும்போது விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகை உண்டு, வேலை உத்தரவாதம் இல்லை. பிறகு புராஜெக்ட் பணிகள் வரும். புராஜெக்ட் சயின்டிபிக் அசிஸ்டென்ட் மாதிரி பதவிகளுக்கு டிப்ளமோ ஏற்பார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிரந்தரம் வேண்டுமென்றால் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் போன்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களின் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பதவி. மூன்றாண்டு டிப்ளமோ, 60 சதவீத மதிப்பெண், கூடவே அனுபவம் கேட்கிறார்கள். ஆகவே நண்பர்களே, 58-ல் நிற்காதீர்கள்!

மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு ஒரு விசேஷம். அண்டார்டிகாவில் நம் நாட்டின் மைத்ரி, பாரதி நிலையங்களை ஓட்டுவதற்கு டீசல் ஜெனரேட்டர், வண்டி, பாய்லர், வெல்டிங் தெரிந்தவர்களை கோவா துருவ ஆய்வு மையம் ஒப்பந்தத்தில் எடுக்கிறது. பனிக்கட்டி நடுவில் ஜெனரேட்டர் நின்றால் ஆராய்ச்சியும் நிற்கும், ஆட்களும் விறைத்துப்போவார்கள். சிவில் நண்பர்களுக்கு ஹைட்ரோகிராபிக் சர்வே. துறைமுகத்தைத் தூர்வாரும் முன்னும் பின்னும், கடலடி கேபிள் போடும் முன்னும் ஆழம் அளந்தாக வேண்டும். தியோடலைட் பிடித்த கைக்கு இது புதிதில்லை. தனியார் கம்பெனிகளும் ஆள் எடுக்கின்றன.

விஞ்ஞானியாகவே ஆக வேண்டும் என்றால் பாதை கொஞ்சம் நீளம். லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. அதன் பிறகு கேட் எழுதினால் சென்னை ஐ.ஐ.டி.யின் ஓஷன் என்ஜினியரிங் மாதிரி இடங்கள். சேற்றையே படிக்க ஆசைப்படுபவர் பி.எஸ்சி. ஜியாலஜி சேரலாம், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. பிறகு கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் மங்களூரிலும் எம்.எஸ்சி. மரைன் ஜியாலஜி. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு 'சமுத்திர ரத்னாகர்' என்ற சொந்தக் கப்பல் இருக்கிறது. அதில் ஜியாலஜிஸ்டாகப் போக முதுகலை முடித்து யு.பி.எஸ்.சி.யின் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு எழுத வேண்டும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2004 முதல் கடலடி வரைபடப் பயிற்சி ஒன்று உதவித்தொகையோடு நடக்கிறது, ஓராண்டு. பல நாட்டிலிருந்தும் ஆண்டுக்கு ஆறேழு பேர்தான். அதுவரை போகிறவர் நம்மில் யாராவது இருந்தால் இந்த மலரை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

என் கணக்கைக் கேட்பீர்கள். சென்ற மாதம் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு அசெம்பிளி கம்பெனியில் எனக்கு இடம் கிடைத்தது. தங்குமிடம், பஸ், மாதம் பிறந்தால் சம்பளம். அப்பாவுக்குப் படகு இன்ஜின் கடன் பாக்கி. தம்பி ஒன்பதாவது. "சேத்தத் தோண்டவா ஒன்னப் படிக்க வச்சேன்?" என்று அப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கேட்டார். கம்பெனிக்குப் போனால் மூன்று வருடத்தில் கடன் அடையும். அப்ரன்டிஸ் போனால் கையில் வருவது குறைவு. ஒரு வருடம் கழித்து எதுவும் நிச்சயமில்லை. ஆனால் சாகர் நிதி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். அம்மா கடைசியில் ஒரு முடிவு சொன்னாள்: "ஒரு வருசம் பொறுத்துக்கலாம், ரெண்டாவது வருசம் முடியாது." அந்த ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டேன். கிடைக்காவிட்டால் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பி.இ. அதற்குப் பணி அனுபவம் கேட்பார்கள், அதுவும் அதற்குள் சேர்ந்துவிடும். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். கம்பெனிக்குப் போகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் சிநேகிதிகள் நாலு பேர் அங்கேதான் போகிறார்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. இறுதியாண்டு புராஜெக்டை இந்தத் துறைப் பக்கம் திருப்பலாம். எங்கள் குழு மீயொலி சென்ஸாரை வைத்து ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஆழமானி செய்கிறது; உப்பைக் கரைக்கக் கரைக்க அளவு மாறுவதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கிறது. ஆய்வு நிறுவனங்களில் குறுகிய காலப் பயிற்சி கேட்டு எழுதுவதானால் துறைத்தலைவர் கடிதம், மதிப்பெண் பட்டியல், என்ன படிக்க விருப்பம் என்று பத்து வரி போதும். பதில் வரத் தாமதமாகும், இரண்டு மூன்று இடத்துக்கு அனுப்புங்கள். நம்மைப் போல் வீட்டில் முதலாவதாகப் படிப்பவர்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளவும். டிப்ளமோ பட்டம் ஆகாது, பி.இ. சேரும்போது கட்டணச் சலுகைக்கு அது வேண்டும், கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசில் கூட்டம் தாங்காது. கடல் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்று பயப்படுபவர்களுக்கு: முதல் மூன்று நாள் எல்லாருக்கும் வாந்திதான், மீனவர் பிள்ளைக்கும் சேர்த்து.

அறிவிப்புகளைப் பார்த்து எழுதிவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். கடைசித் தேதி, கேட்கும் தகுதி, எந்தப் பிரிவு என்று குறித்திருக்கிறது. வேண்டியவர்கள் காப்பி செய்துகொள்ளலாம். எங்கள் வகுப்பு இரண்டாம் மாடி கடைசி அறை; மதிய இடைவேளையில் இருப்பேன்.